ஐந்தாம் மாதத்தில் ஒரு புதுக்குரு: "எனக்கு அழைத்தலே இல்லையோ?"

கடிதம் எழுதியவருக்கு வயது 28. கடந்த ஏப்ரலில் குருப்பட்டம் பெற்று, மே மாதம் தென் மாவட்டத்தில் ஒரு மானாவாரிப் பங்கில் உதவிப் பங்குத்தந்தையாகச் சேர்ந்திருக்கிறார். தாய்ப்பங்கோடு ஆறு கிளைப்பங்குகள். பங்குத்தந்தைக்கு 62 வயது, சர்க்கரை நோய், அதிகம் பேசமாட்டார். ஞாயிறுதோறும் இவருக்கு நான்கு பூசை. வெறும் வயிற்றோடு தொடங்கி மூன்றாவது முடிகிறபோது பதினொன்றரை ஆகிவிடுகிறது, தலை சுற்றுகிறது. இரவு ஒரு மணிவரை மறையுரை எழுதுகிறார். இருபத்தைந்து நிமிடம் பேசுகிறார். பின்வரிசையில் ஆண்கள் எழுந்து வெளியே போய்விடுகிறார்கள். இளையோர் குழுவும் பாடகர் குழுவும் நள்ளிரவுவரை வாட்ஸ்அப்பில் எழுதுவதால் போனைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டுத் தூங்கியிருக்கிறார். அப்படி ஒரு ஆகஸ்ட் இரவில் கிளைப்பங்கிலிருந்து ஏழு அழைப்புகள். காலையில் பார்த்துவிட்டு ஓடியபோது பெரியவர் இறந்துபோயிருந்தார். அவருடைய மகன் ஒன்றும் சொல்லவில்லை, "பரவாயில்லை சாமி" என்றார். அந்த வார்த்தை இன்னும் காதில் நிற்கிறதாம்.

இதற்கிடையே வேறு கவலைகள்: கிளைப்பங்கில் நடத்திவைத்த இரண்டு திருமணங்கள் செல்லுமா என்று நண்பர் ஒருவர் கிளப்பிவிட்ட சந்தேகம், எது முடிந்தது எது முடியவில்லை என்று தெரியாத பூசைக் கருத்துக் (இன்ன வேண்டுதலுக்கு என்று மக்கள் கேட்கும் பூசை) காணிக்கைக் கவர் ஒன்று, சப்பரம் போகும் தெருவைப் பற்றி அறியாமல் கொடுத்துவிட்ட வாக்கு. செபம் வறண்டுவிட்டது, குருக்கள் தினமும் சொல்ல வேண்டிய திருப்புகழ்மாலைச் செபங்களைப் பல நாள் சொல்வதில்லை. "எனக்கு அழைத்தலே இல்லையோ? ஆயரிடம் மாற்றல் கேட்கட்டுமா, இல்லை ஓராண்டு விலகியிருக்கட்டுமா?" என்று முடிகிறது கடிதம்.

அன்புள்ள ஃபாதர்,

உங்கள் கடிதத்தில் அழைத்தல் பற்றிய கேள்வி கடைசிப் பத்தியில்தான் வருகிறது. அதற்கு முன்னால் உள்ள பக்கங்கள் முழுக்க தூக்கம், சாப்பாடு, போன், நோட்டுப் புத்தகம் பற்றியவை. அந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன். ஒரு மனிதன் தினம் நான்கு மணிநேரம் தூங்கி, ஞாயிறன்று பட்டினியாக நாற்பது கிலோமீட்டர் பைக் ஓட்டினால், செபம் வறளத்தான் செய்யும். அதை இறைவனின் மௌனம் என்று வாசிக்க இப்போதே அவசரப்பட வேண்டாம்.

முதலில் இட்லி. நற்கருணைக்கு முன் ஒரு மணிநேர நோன்பு முதல் பூசைக்குப் பொருந்தும். ஒரே நாளில் இரண்டு மூன்று பூசை வைக்கும் குரு, இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் முன்னால், இடையே ஒரு மணிநேரம் இல்லாவிட்டாலும், ஏதாவது சாப்பிடலாம். திருச்சபைச் சட்டம் எண் 919 இதை வெளிப்படையாகச் சொல்கிறது. முதல் பூசை முடிந்ததும் நான்கு இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். பட்டினி கிடப்பதை பக்தி என்று யாரும் உங்களுக்குச் சொல்லித்தந்திருந்தால், அவர் ஒரே பூசை வைத்த காலத்தவராக இருப்பார்.

அடுத்தது நான்காவது பூசை. ஒரு குரு ஒரு நாளுக்கு ஒரு பூசை என்பதே பொது விதி. குருக்கள் குறைவான இடத்தில் ஆயர் வார நாளில் இரண்டும், மேய்ப்புப்பணித் தேவை இருந்தால் ஞாயிறு, கடன்திருநாள்களில் மூன்றும் அனுமதிக்கலாம் (எண் 905). நான்காவதுக்கு அதில் இடமில்லை. இதைப் பங்குத்தந்தையிடம் சட்டமாகப் போய் வாசிக்காதீர்கள், தீர்வோடு போங்கள். சனிக்கிழமை மாலைத் திருப்பலி ஞாயிறு கடனை நிறைவேற்றும் என்பதால், ஒரு கிளைப்பங்கைச் சனி மாலை ஆறரைக்கு மாற்றலாம். அதற்கு ஊர் ஒத்துவராவிட்டால், மாதம் ஒரு ஞாயிறு அங்கே, மறைப்பணியில் குருவுக்கு உதவும் உபதேசியாரோ அருட்சகோதரியோ நடத்தும் இறைவாக்கு வழிபாடு. எந்த ஊர் என்று தேர்ந்தெடுக்கும் வேலையைப் பங்குத்தந்தைக்கே விடுங்கள். எந்த ஊர் எதற்குக் கோபித்துக்கொள்ளும் என்பது அவருக்குத்தான் தெரியும்.

புதுக்குருக்களுக்கு எல்லாரும் பங்குக் குருக்களின் பாதுகாவலரான ஆர்ஸ் நகர் வியான்னியைத்தான் எடுத்துச் சொல்வார்கள். உங்களுக்குப் பொருத்தமானவர் பிற்காலத்தில் ஹிப்போவின் ஆயரான புனித அகுஸ்தினார் என்று தோன்றுகிறது. 391இல் ஹிப்போ நகர மக்கள் அவரைப் பிடித்திழுத்துக் குருவாக்கியபோது அவர் அழுதார். ஆயர் பதவி கிடைக்கவில்லையே என்று அழுகிறார் போலிருக்கிறது என நினைத்துச் சிலர் ஆறுதல் வேறு சொன்னார்கள். பிறகு அவர் ஆயர் வலேரியுவுக்குக் கடிதம் எழுதி, இந்தப் பணிக்கு நான் இன்னும் தயாராகவில்லை, மறைநூலைப் படிக்க உயிர்ப்புப் பெருவிழா வரையாவது நேரம் கொடுங்கள் என்று கேட்டார். அந்தக் கடிதம் இன்றும் இருக்கிறது. அதில் அவர் தன் அழைத்தலைச் சந்தேகிக்கவில்லை. தனக்கு எது குறைகிறது, எவ்வளவு நாள் வேண்டும் என்று கணக்காகக் கேட்டார். நீங்கள் எழுத வேண்டிய கடிதமும் அந்த வகைதான்.

அந்த ஆகஸ்ட் இரவு

இதைத் தள்ளிவைத்துவிட்டு மற்றதைப் பேசினால் நீங்கள் காதில் வாங்கமாட்டீர்கள் என்று தெரியும்.

போன் மௌனமாக இருந்தது ஒரு குறைதான். அதை இல்லையென்று சொல்லி உங்களைத் தேற்ற விரும்பவில்லை. ஆனால் நீங்கள் சுமப்பது அந்தக் குறையை விடப் பெரியது. "என்னால் ஒரு ஆன்மா அருளடையாளம் இல்லாமல் போனது" என்று எழுதியிருக்கிறீர்கள். குரு வந்துசேர முடியாத சாவுகளைத் திருச்சபை மறந்துவிடவில்லை. நல்ல மனநிலையில் இறப்பவர், வாழ்நாளில் வழக்கமாகச் சில செபங்களாவது சொல்லி வந்திருந்தால், குரு அருகில் இல்லாவிட்டாலும் சாவின் வேளையில் அவருக்குத் திருச்சபை பரிபூரண பலனை (பாவத்துக்கான தண்டனை முழுவதிலிருந்தும் விடுதலையை) அளிக்கிறது. அந்தப் பெரியவர் ஒரு நாளும் செபமாலை தவறவிட்டதில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

உண்மையில் இங்கே கோளாறு ஒரு இரவில் நடந்ததல்ல. நம் ஊர்களில் பழையவர்கள், நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் இந்த அருளடையாளத்தை இன்னும் 'அவஸ்தைபூசுதல்' என்கிறார்கள். பேரிலேயே தவறு குந்தியிருக்கிறது. மூச்சு இழுக்க ஆரம்பித்தால்தான் சாமியாரைக் கூப்பிடுவார்கள். முன்னதாகக் கூப்பிட்டால் சாவைக் கூப்பிட்டதாகிவிடும் என்ற பயம். சட்டம் சொல்வதோ வேறு: நோயாலோ முதுமையாலோ ஆபத்து தொடங்கும்போதே பூசலாம், நிலைமை மோசமானால் மறுபடியும் பூசலாம் (எண் 1004). அந்தப் பெரியவர் மூன்று மாதமாகப் படுக்கையில் இருந்தவர். ஜூனிலேயே பூசியிருக்க வேண்டியது.

ஆகவே இந்த மாதமே ஒரு வேலை. ஆறு ஊர் உபதேசியாரிடமும் படுக்கையில் இருப்பவர்கள், எண்பது தாண்டியவர்கள், டயாலிசிஸ் போகிறவர்கள் பெயரை எழுதி வாங்குங்கள். முதல் வெள்ளிக்கு நற்கருணை கொண்டுபோகும்போது அவர்களுக்கு நோயில்பூசுதலையும் கொடுத்துவிடுங்கள். தேதியைப் பெயருக்கு எதிரே குறித்துவையுங்கள். இரவு அழைப்பு வராமல் போய்விடாது. ஆனால் வரும்போது பாதி வேலை முன்பே முடிந்திருக்கும்.

ஒரு சின்னப் பையில் எண்ணெய்ச் சிமிழ், பஞ்சு, நற்கருணைச் சிமிழுக்கான உறை, ஊதா ஸ்டோலா, சடங்குமுறைப் புத்தகம், டார்ச் எல்லாம் தயாராக இருக்கட்டும். எண்ணெயைப் பைக் பெட்டியில் வைக்காதீர்கள். வெயிலில் சிக்குநாற்றம் பிடிக்கும், கசியும். நேரமில்லை என்றால் வரிசை இதுதான்: பேச முடிந்தால் பாவசங்கீர்த்தனம், விழுங்க முடிந்தால் நற்கருணை, பிறகு நெற்றியிலும் கைகளிலும் பூசுதல். சிமிழில் எண்ணெய் தீர்ந்திருந்தால் திரும்பி ஓட வேண்டாம். அவசரத்தில் குருவே சடங்குக்குள் எண்ணெயை மந்திரிக்கலாம். அது தாவர எண்ணெயாக இருந்தால் போதும் என்று 1972இல் ஆறாம் பவுல் அனுமதித்தார். அந்த வீட்டு நல்லெண்ணெய் செல்லும். போய்ச் சேர்ந்தபோது உயிர் இருக்கிறதா இல்லையா என்று உண்மையாகவே சந்தேகமானால் பூசுங்கள் (எண் 1005). இறந்தது உறுதி என்றால் பூச வேண்டாம், உட்கார்ந்து செபியுங்கள்.

போனுக்கு வருவோம். ஒரு நம்பரில் உயிர் போகிற அழைப்பும் பாட்டு நோட்டு கேட்கிற செய்தியும் வந்தால் எதற்கும் காது கொடுக்க முடியாது. இன்னொரு சிம் வாங்குங்கள். அந்த நம்பர் ஆறு உபதேசியார்களுக்கும் பங்குத்தந்தைக்கும் மட்டும். அது தலைமாட்டில் சத்தத்தோடு இருக்கும். மற்ற போன் இரவு ஒன்பதரைக்கு அணைந்து, மேசை அறையில் கிடக்கும். 'ஒன்பதரைக்கு மேல் வாட்ஸ்அப் பார்ப்பதில்லை' என்று குழுக்களில் ஒருமுறை எழுதிவிட்டு, அதை மீறாதீர்கள். நீங்கள் ஒருமுறை பதினொன்றுக்குப் பதில் போட்டால் அந்த அறிவிப்பு செத்துப்போகும். தனி ஆளாக இரவில் எழுதுகிறவர்களுக்கு, அது யாராக இருந்தாலும், மறுநாள் காலை அலுவலக நேரத்தில் பதில் சொல்லுங்கள். நோக்கம் சுத்தமாகவே இருந்தாலும் பின்னிரவு உரையாடலை ஊர் வேறு மாதிரி வாசிக்கும்.

இரண்டு திருமணங்கள்

உதவிப் பங்குத்தந்தை என்ற பதவியாலேயே திருமணம் நடத்திவைக்கும் அதிகாரம் வந்துவிடும் என்று நினைத்திருக்கிறீர்கள். வராது. ஆயரோ பங்குத்தந்தையோ ஒப்படைக்க வேண்டும். இல்லாவிட்டால் திருமணமே செல்லாமல் போகலாம். நண்பர் சொன்னது இந்த அளவுக்குச் சரி. ஆனால் அவர் பாதியில் நிறுத்திவிட்டார். எண் 1111 இரண்டு வகையைப் பிரிக்கிறது: குறிப்பிட்ட ஒரு திருமணத்துக்கான ஒப்படைப்பை வாய்மொழியாகவே கொடுக்கலாம், எல்லாத் திருமணத்துக்குமான பொது ஒப்படைப்பு எழுத்தில் இருந்தே ஆக வேண்டும்.

உங்கள் கடிதத்தின்படி, ஜூன் திருமணத்துக்கு முதல் நாள் பங்குத்தந்தை, "நாளைக்கு அந்தக் கல்யாணத்தை நீங்க போய் முடிச்சிடுங்க தம்பி" என்றிருக்கிறார். யாருக்கு, எந்தத் திருமணம் என்று தெளிவாக இருக்கிறது. அது போதும். செப்டம்பரில் நடந்ததற்குத் தனியாக ஒன்றும் சொல்லவில்லை. எப்போதோ ஒருநாள் சாப்பாட்டு மேசையில், "இனி கிளைப்பங்குக் கல்யாணமெல்லாம் உங்க பொறுப்பு" என்றதை வைத்து நடத்தியிருக்கிறீர்கள். சந்தேகம் இங்கேதான்.

பதற்றத்தோடு அந்தத் தம்பதியரின் வீட்டுக்குப் போய்விடாதீர்கள். முதலில் ஆயர் இல்லத்திலிருந்து வந்த உங்கள் பணிநியமனக் கடிதத்தையும் அதிகாரங்கள் பற்றிய கடிதத்தையும் எடுத்து முழுவதும் படியுங்கள். பல மறைமாவட்டங்களில் உதவிப் பங்குத்தந்தைக்குப் பொது ஒப்படைப்பு அதிலேயே எழுதப்பட்டிருக்கும். புதுக்குருக்கள் அந்தத் தாளை மடித்துத் திருவிவிலியத்துக்குள் வைத்துவிட்டு மறந்துபோவார்கள். அதில் இருந்தால் விஷயம் முடிந்தது. இல்லையென்றால் பங்குத்தந்தையிடம் சொல்லி, இருவருமாக ஆயர் இல்லச் செயலரிடம் எழுத்தில் கேளுங்கள். பொதுத் தவறு நேர்ந்த இடத்தில் திருச்சபையே குறையை நிரப்பும் என்ற விதி (எண் 144) பொருந்துகிறதா என்று அவர்கள் பார்ப்பார்கள். அதுவும் பொருந்தாவிட்டால், திருமணத்தை அதன் வேரிலேயே சரிசெய்யும் வழி ஆயருக்கு உண்டு. அதற்குத் தம்பதியரை மறுபடி பீடத்தின் முன் நிறுத்த வேண்டியதில்லை. தகுந்த கனமான காரணம் இருந்தால் அவர்களுக்குத் தெரியாமலே கூட அதைச் செய்யலாம். ஆக, தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டிய அளவுக்குப் பெரிய வினை இல்லை. தள்ளிப்போட வேண்டிய வினையும் இல்லை.

இனிமேல் ஒவ்வொரு திருமணத்துக்கும் ஒரு துண்டுத்தாளில் பங்குத்தந்தையின் கையெழுத்தை வாங்கி, ஓலை (திருமண அறிவிப்பு) வாசித்த சான்று, திருமுழுக்குச் சான்று, வயதுச் சான்று இருக்கும் கோப்பிலேயே சேர்த்துவிடுங்கள். மணமகளுக்கு 18, மணமகனுக்கு 21 நிறைந்திருப்பதைப் பள்ளிச் சான்றிதழிலேயே பாருங்கள். கிளைப்பங்கில் நடந்ததைத் தாய்ப்பங்குப் பதிவேட்டில் அன்றைக்கே எழுதுங்கள். 'நாளைக்கு எழுதிக்கலாம்' என்பது பத்து வருடம் கழித்துப் பாஸ்போர்ட்டுக்கு அலைகிற ஒரு குடும்பத்தின் கண்ணீராக வந்து நிற்கும்.

கவர்

திருவிழாவில் வாங்கிய கருத்துகள் 63, அதில் எத்தனை முடிந்தது என்று தெரியவில்லை என்கிறீர்கள். தனித்தனியாகக் காணிக்கை வாங்கியிருந்தால் தனித்தனிப் பூசை கடன், தொகை எவ்வளவு சிறியதாக இருந்தாலும். உங்கள் தவறில்லாமல் பணம் தொலைந்தாலும் கடன் தொலையாது (எண் 949). பல கருத்துகளைச் சேர்த்து ஒரே பூசையில் வைப்பதற்குக் கொடுத்தவர்களின் சம்மதம் வேண்டும். வத்திக்கானின் 1991 ஆணையும் 2025 ஏப்ரலில் வந்த புதிய ஆணையும் இதில் ஒன்றுதான். 'எல்லாருக்கும் தெரிந்ததுதானே' என்று சம்மதத்தை நாமாக ஊகித்துக்கொள்ளக் கூடாது. உங்கள் மறைமாநில ஆயர்கள் என்ன அனுமதித்திருக்கிறார்கள் என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. ஒரே நாளில் மூன்று பூசை வைத்தால் ஒன்றின் காணிக்கைதான் உங்களுக்கு. மற்றவை ஆயர் குறித்த காரியத்துக்குப் போக வேண்டும். கிறிஸ்து பிறப்பு விழா மட்டும் விலக்கு (எண் 951). மூன்றையும் வைத்துக்கொண்டதாக எழுதியிருக்கிறீர்கள். தெரியாமல் நடந்தது; ஆனால் கணக்குப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சரிசெய்யும் வழி: கவரைக் கொட்டி எண்ணுங்கள். கோயில்பிள்ளையின் அறிவிப்பு நோட்டோடு ஒப்பிட்டு, பீடத்தில் வாசித்த பெயர்களை அடியுங்கள். ஐயமான பெயர்களை முடியாதவை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஓராண்டுக்குள் உங்களால் வைத்து முடிக்க முடியாத அளவுக்கு மிஞ்சினால், காணிக்கையோடு மற்றக் குருக்களுக்கோ ஆயர் இல்லத்துக்கோ கொடுத்துவிடலாம். பிறகு நூறு பக்க நோட்டு ஒன்றில் ஏழு கட்டம் போடுங்கள்: வரிசை எண், வாங்கிய தேதி, கொடுத்தவர், கருத்து, தொகை, வைத்த தேதி, வைத்த இடம். வழியில் பைக்கை மறித்து, "சாமி, எங்கம்மாவுக்கு ஒரு பூசை" என்று ஐம்பது ரூபாயைப் பையில் திணிப்பார்கள். அங்கேயே எழுதாமல் வண்டியை எடுக்காதீர்கள்.

மறையுரை, தொட்டி

மறையுரை பற்றி நீளமாக எழுதப்போவதில்லை, நீளம்தான் நோயே. திருத்தந்தை பிரான்சிஸ் 2018இல் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம் என்றார், 2024இல் எட்டாகக் குறைத்தார். நிதானமான தமிழில் எட்டு நிமிடம் என்பது தோராயமாக 750 சொற்கள். நீங்கள் மூன்று மடங்கு எழுதுகிறீர்கள், அதுவும் சனி இரவில். திங்கள் காலை வாசகத்தைப் படித்துவிட்டு விட்டுவிடுங்கள். வாரம் முழுவதும் வீடு சந்திக்கும்போது அது மனத்தில் ஊறட்டும். வியாழன் எழுதுங்கள், ஒரே ஒரு கருத்து. சனி மாலை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப்பார்த்துவிட்டு ஒன்பதரைக்குப் படுங்கள். குருமட வகுப்பில் எழுதிய கட்டுரையின் வாசனை எந்தச் சொல்லில் வருகிறதோ அதை அடியுங்கள். பின்வரிசை ஆண்கள் பீடி குடிக்க மட்டும் போவதில்லை. பத்தாவது நிமிடத்தில் இன்னும் 'மூன்றாவதாக' என்று கேட்டதும் போகிறார்கள்.

பாவசங்கீர்த்தனத் தொட்டியில் கேட்டவை இரவில் வருகின்றன என்கிறீர்கள். எதைக் கேட்டேன் என்று எழுதாமல் விட்டதற்கு நன்றி; அதுதான் முறை. ஆலோசனை தேவைப்படும்போதும் ஆளோ ஊரோ தெரியாதபடி கேட்கலாமே என்று குருமடத்தில் சொல்லியிருப்பார்கள். ஆறு கிளைப்பங்கு உள்ள இடத்தில் 'ஒரு பெண், ஒரு நிலத் தகராறு' என்று சொன்னாலே ஆள் தெரிந்துவிடும். ஆகவே பக்கத்துப் பங்குக் குருவிடம் வேண்டாம், வேறு மறைமாவட்டத்தில் ஒரு முதிய குருவைத் தேடிக்கொள்ளுங்கள். அவரிடமும் கேட்டதைப் பற்றிப் பேச வேண்டியதில்லை, அது உங்களை என்ன செய்கிறது என்பதைப் பற்றிப் பேசினால் போதும். கேட்டதை வைத்து வெளியே எந்த முடிவும் எடுக்காதீர்கள். யாருக்கும் சொல்லாவிட்டாலும், பாவசங்கீர்த்தனம் செய்தவருக்குப் பாதகமாக அதைப் பயன்படுத்துவதே தடை (எண் 984). கருக்கலைப்புப் பாவத்துக்கு ஆயரிடம் அனுப்ப வேண்டும் என்று பழைய பாடக்குறிப்பில் இருந்தால் அடித்துவிடுங்கள். 2016 நவம்பரிலிருந்து எல்லாக் குருக்களுக்கும் அதை மன்னிக்கும் அதிகாரம் உண்டு.

ஒரு பிள்ளை தனக்கு நேரும் பாலியல் கொடுமையைத் தொட்டிக்குள் சொன்னால், பாவசங்கீர்த்தன இரகசியத்தின் முத்திரை முத்திரைதான். ஆனால் "இது உன் பாவம் இல்லை" என்று முதலில் சொல்லுங்கள். பிறகு, நம்பகமான ஒரு பெரியவரிடமோ குழந்தைகள் உதவி எண்ணான 1098இலோ சொல்லும்படி, பிள்ளை விரும்பினால் வெளியே வந்து உங்களிடமே மறுபடி சொல்லும்படி கேளுங்கள். தொட்டிக்கு வெளியே தெரிந்துகொண்டால் காவல்துறையிடம் தெரிவிப்பது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 19ஆம் பிரிவின்படி உங்கள் கடமை. பங்குப் பேரவையில் வைத்துப் பேசி முடிக்கிற விஷயமல்ல அது.

'பார்க்கலாம்' என்ற சொல்

பங்குத்தந்தை மருத்துவமனையில் இருந்த பத்து நாளில் ஒரு தரப்பு வந்து, இந்த வருடம் சப்பரம் மேலத்தெரு வழியாகவும் வர வேண்டும் என்று கேட்டது. நீங்கள், "பார்க்கலாம்" என்றீர்கள். இப்போது, "சின்னச்சாமி வாக்குக் கொடுத்துட்டார்" என்கிறார்கள். கிராமத்தில் சாமியார் வாயிலிருந்து வரும் 'பார்க்கலாம்' சம்மதம்தான். மறுப்பு என்றால் மறுப்பாகவே சொல்ல வேண்டும்.

பங்குத்தந்தை இல்லாத நாளில் பங்கின் பொறுப்பு உங்களிடம் வந்தது உண்மை. இருப்பதை நடத்திக்கொண்டு போகத்தான் அது. தெரு என்பது நம் ஊரில் வெறும் தெரு அல்ல. மேலத்தெருக்காரர்கள் கேட்பது நியாயமாகவே இருக்கலாம். ஒரு தெருவுக்கு மட்டும் சப்பரம் வராமலிருப்பதற்குச் சாதி காரணமென்றால் அது மாறியே ஆக வேண்டும். ஆனால் அது ஐந்து மாத உதவிப் பங்குத்தந்தையின் ஒற்றைச் சொல்லில் மாறாது. அப்படி மாற்றினால் அடி விழுவது மேலத்தெருவில்தான். இரு தரப்பையும் தனித்தனியாகப் பார்த்து, "அன்றைக்கு நான் சொன்னது முடிவு இல்லை, பங்குத்தந்தையிடம் சேர்க்கிறேன் என்பதுதான்" என்று ஒரே வாசகத்தைச் சொல்லுங்கள். யார், எந்த நாள், என்ன கேட்டார்கள் என்று எழுதிப் பங்குத்தந்தையிடம் கொடுங்கள். பீடத்தில் நின்று இதைப் பற்றி ஒரு வார்த்தை பேச வேண்டாம். மேலத்தெருவில் யாராவது நோயாளி இருந்தால் அடுத்த முதல் வெள்ளி அங்கிருந்து தொடங்குங்கள்; அதற்கு யார் அனுமதியும் வேண்டாம்.

மாற்றலா, விடுப்பா?

பங்குத்தந்தை பேசாததை வெறுப்பு என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். முப்பது வருடம் தனியாகச் சாப்பிட்டுப் பழகியவர், சர்க்கரையோடு காலைத் தேய்த்துக்கொண்டு நடப்பவர். பேச்சு வராதது பழக்கமாகவும் இருக்கலாம், களைப்பாகவும் இருக்கலாம். திங்கள் மாலை அரை மணிநேரம் கேட்டு வாங்குங்கள். போகும்போது மூன்றே கேள்வி: இந்த வாரம் நான் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன, நான் செய்ததில் எது சரியில்லை, எந்த வீட்டுக்கு நான் போக வேண்டும். மூன்றாவது கேள்விக்கு அவர் பேசுவார் என்று நினைக்கிறேன். அவரைப் பற்றிய குறையை எந்த வீட்டுத் திண்ணையிலும் இறக்காதீர்கள், காப்பி ஆறும் முன் அவர் காதுக்குப் போய்விடும். உண்மையாகவே முடியாத நிலை வந்தால் மறைவட்ட முதன்மைக் குரு, அவருக்குப் பிறகு ஆயர். நேராக ஆயருக்கு எழுதவும் உங்களுக்கு உரிமை உண்டு.

இப்போதே மாற்றல் கேட்டால் கிடைக்கலாம். புது இடத்திலும் அதே போன், அதே கவர், அதே சனி இரவு இருக்கும். கூடவே 'ஐந்து மாதத்தில் போனவர்' என்ற பேச்சு. ஓராண்டு விலகல் இன்னும் பெரிய முடிவு. தூங்காத மூளையால் எடுக்கக் கூடாத முடிவு. ஆண்டுக்கு ஒரு மாதம்வரை விடுமுறை உங்களுக்கும் உண்டு (எண் 550). ஆண்டுத் தியான நாட்கள் அதில் சேராது. இதுவரை ஒரு நாள்கூட எடுக்கவில்லை என்கிறீர்கள். அடுத்த மாதம் பத்து நாள் கேளுங்கள். முதல் மூன்று நாள் வீட்டில் தூங்குங்கள், மீதியைத் தியான இல்லத்தில் கழியுங்கள். திருப்புகழ்மாலையை முழுவதுமாக ஒரே நாளில் பிடிக்கப் பார்க்காமல், காலைப் புகழையும் மாலைப் புகழையும் முதலில் உறுதியாக்குங்கள். கடன் முழுவதற்கும்தான், ஆனால் விழுந்தவன் எழும்போது ஒரு காலைத்தான் முதலில் ஊன்றுவான்.

தூக்கமும் சாப்பாடும் சரியான பிறகும் இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், அதிகாலை மூன்று மணிக்கு விழிப்புத் தட்டிக்கொண்டே இருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். இருந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் காத்திருக்க வேண்டாம், அரசின் மனநல உதவி எண்ணான 14416இல் எந்நேரமும் தமிழில் பேசலாம். அது விசுவாசக் குறைவாகாது. சர்க்கரைக்கு மாத்திரை போடும் உங்கள் பங்குத்தந்தையை யாரும் அப்படிச் சொல்வதில்லையே.

அடுத்த ஏப்ரலில் ஓராண்டு நிறையும்போதும் மாற்றல் வேண்டும் என்றே தோன்றினால், அகுஸ்தினார் எழுதிய மாதிரி எழுதுங்கள்: எனக்கு எது குறைகிறது, எவ்வளவு நாள் வேண்டும். அப்போது நான் மறுப்புச் சொல்லமாட்டேன்.

நவம்பர் 2 நெருங்குகிறது. கல்லறை மந்திரிப்புக்கு ஆறு ஊரையும் நீங்களும் பங்குத்தந்தையும் பிரித்துக்கொள்வீர்கள். அந்தப் பெரியவரின் ஊரை நீங்கள் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மகன் மெழுகுதிரி கொளுத்திக்கொண்டு நிற்பார். அவரிடம் விளக்கம் சொல்ல வேண்டாம், "அன்றைக்கு நான் வந்திருக்கணும்" என்ற ஒரு வாக்கியம் போதும். போகும்போது புது நம்பரை அந்த ஊர் உபதேசியாரிடம் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.